வெயிலில் போடக்கூடாத மெத்தை: சுங்கை சிப்புட் கடையொன்றில் ரப்பர் பால் மெத்தையும் இலவம்பஞ்சும்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள சுங்கை சிப்புட் பட்டணத்துக் கடைவரிசையில் கட்டிலும் மெத்தையும் அலமாரியும் விற்கும் கடை இது. பேர் பலகையைவிட வாசலில் நிமிர்த்தி வைத்த மெத்தைகளை வைத்துத்தான் சுற்றுவட்டாரத் தோட்டக்காரர்கள் அடையாளம் சொல்வார்கள். உள்ளே ஸ்பிரிங், நுரை, தென்னை நார், இலவம்பஞ்சு, லேடெக்ஸ் எனப்படும் ரப்பர் பால் மெத்தை என எல்லாம் இருக்கின்றன. அவற்றில் காசு கொடுத்து வாங்கத் தகுந்தவை இரண்டு: முழுக்க லேடெக்ஸால் ஆன 15 செ.மீ. மெத்தை, கையால் அடைத்துத் தைத்த இலவம்பஞ்சு மெத்தை. இரண்டும் நல்ல பொருள்தான், ஆனால் பராமரிப்பில் ஒன்றுக்கொன்று நேர் எதிர். அதைக் கடைக்காரர்கள் சொல்வதில்லை. சில ஆயிரம் வெள்ளி (ரிங்கிட்) போட்டு வாங்கிய மெத்தை சீக்கிரமே வீணாகப் போவதற்கு அதுவே பெரிய காரணம் என்பதால் இங்கே விரிவாக எழுதுகிறோம்.

மெத்தையை எடை போடும் முன் இந்த ஊரின் உறக்கத்தைப் பார்க்க வேண்டும். ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவர் இருட்டோடு எழுந்தாக வேண்டும். விடியலுக்கு முன் மரத்தின் பால்குழாய்களில் அழுத்தம் அதிகம். வெயில் ஏறி இலைகள் நீரை வெளிவிடத் தொடங்கியதும் அந்த அழுத்தம் இறங்கிப் பால் வரத்தும் குறைந்துவிடும். ஆகவே நேரத்தை மாற்ற வழியில்லை. பெரியவர்களுக்கு இரவில் குறைந்தது 7 மணி நேர உறக்கம் வேண்டும். நாலரைக்கு எழுகிறவர் ஒன்பதரைக்குள் கண் அயர வேண்டும். உறக்கம் ஏறக்குறைய 90 நிமிடச் சுற்றுகளாக ஓடுகிறது. ஆழ்ந்த உறக்கம் இரவின் முதல் பகுதியில் மிகுதி, கனவு வரும் உறக்கம் கடைசிப் பகுதியில் மிகுதி. பதினொன்றரை வரை புரண்டுகொண்டிருந்து நாலரைக்கு எழுந்தால் அந்தக் கடைசிப் பகுதி வெட்டுப்பட்டுப் போகும். மெத்தை செய்யக்கூடிய உதவி படுத்தவரைச் சீக்கிரம் அயர விடுவதும், நடுவில் எழுப்பாமல் இருப்பதும்தான்.

அயர்வதற்கு உடம்பின் உள்சூடு இறங்க வேண்டும். இரவு முழுவதுமாக ஏறக்குறைய ஒரு டிகிரி செல்சியஸ் இறங்கும். அந்தச் சூடு தோல் வழியாகத்தான் வெளியேறுகிறது. பகலெல்லாம் காய்ந்த தகரக் கூரையின் கீழ், மின்விசிறி மட்டும் உள்ள அறையில், முதுகுப் பக்கம் காற்றே போகாத மெத்தையில் படுத்தால் உடம்பின் ஒரு பாதி சூட்டை விட வழியில்லாமல் தவிக்கும். எனவே இந்தக் காலநிலையில் மெத்தைக்கு முதல் தகுதி மென்மை அல்ல, காற்றோட்டம்.

லேடெக்ஸ் மெத்தை இதில் தேறுகிறது. காரணம் அதன் செய்முறையில் இருக்கிறது. மரத்தில் கட்டிய மங்கில் (பால் கிண்ணத்தில்) இறங்கும் பாலில் ரப்பர் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான், மீதி பெரும்பாலும் நீர். உறையாமலிருக்க அம்மோனியா சேர்த்து, எந்திரத்தில் சுழற்றி 60 விழுக்காடு ரப்பர் உள்ள பாலாகச் செறிவாக்குவார்கள். அதில் கந்தகம், துத்தநாக ஆக்சைடு, சோப்பு முதலியவை கலந்து நுரைபொங்க அடித்து, உறைய வைக்கும் மருந்து சேர்த்து அச்சில் ஊற்றி நீராவியில் வேக வைப்பார்கள். அச்சின் உள்ளே வரிசை வரிசையாக ஊசிகள் நிற்கும். மெத்தையில் தெரியும் துளைகள் அந்த ஊசிகளின் தடங்கள். சூடு உள்வரை சீராகப் போகத்தான் அவை வைக்கப்பட்டன. படுப்பவருக்குக் காற்றோட்டம் கிடைப்பது கூடுதல் பலன். 1929இல் இங்கிலாந்தில் டன்லப் ஆய்வுக்கூடத்தில் உருவான முறை இது, இன்றும் அதன் பேராலேயே வழங்குகிறது. டாலாலே என்ற இன்னொரு முறையும் உண்டு. அச்சில் பாதியளவு ஊற்றி, வெற்றிடத்தில் உப்ப வைத்து, குளிரில் உறைய வைத்த பிறகே வேக வைப்பார்கள். அது இன்னும் மென்மையானது, சீரானது, விலையும் கூடுதல். நம் உடல்வாகுக்கும் பைக்கும் டன்லப் முறையே போதும்.

இனி எடை. வாங்கும்போது செய்யவேண்டிய சோதனைகளில் இதுதான் முதன்மை. நல்ல டன்லப் லேடெக்ஸ் கனமீட்டருக்கு 70 முதல் 85 கிலோ இருக்கும். குயின் அளவு 152 செ.மீ. அகலம், 190 செ.மீ. நீளம். 15 செ.மீ. தடிப்பு என்றால் கன அளவு 0.433 கனமீட்டர். அப்படியானால் உள்மெத்தை 30 முதல் 37 கிலோ வரை இருக்க வேண்டும். சூப்பர் சிங்கிள் 107 செ.மீ. அகலம் என்றால் 21 முதல் 26 கிலோ. சாதா சிங்கிள் 91 செ.மீ. என்றால் 18 முதல் 22 கிலோ. அதே குயின் அளவை சாதா நுரையில் செய்தால் 11, 13 கிலோதான் வரும். ஆக, ஒருவரே தோளில் தூக்கிப்போட்டு நடந்துவிட முடிகிற குயின் மெத்தையில் லேடெக்ஸ் பெரிதாக இல்லை. இந்தக் கடையில் எடைமேடை இருக்கிறது, கேட்டால் ஏற்றிக் காட்டுகிறார்கள். உறையோடு நிறுத்தினால் உறையின் எடையைக் கழித்துக்கொள்ளுங்கள். பால் எடை போட்டுச் சம்பளம் வாங்கிய குடும்பங்களுக்கு இந்தக் கணக்கு கஷ்டமே இல்லை. இயற்கை ரப்பர் மெத்தை என்றால் 33 கிலோ உள்ள ஒரு குயின் மெத்தைக்குப் பின்னால் ஏறக்குறைய 90 லிட்டர் தோட்டத்துப் பால் இருக்கிறது. கோலாகங்சாரில் 1877இல் நட்ட ரப்பர் கன்றுகளில் ஒன்று இன்னும் மரமாக நிற்கும் மாவட்டத்தில் இருந்துகொண்டு, இந்தப் பொருளின் தரம் பார்க்கத் தெரியாமல் ஏமாறக் கூடாது.

எடை மட்டும் போதாது. சுண்ணாம்புத் தூள், களிமண் போன்ற நிரப்பிகளைக் கலந்தாலும் எடை ஏறும். உறையின் ஜிப்பைத் திறந்து ஓரத்தைக் கட்டைவிரலால் ஆழ அழுத்தி விடுங்கள். நல்ல லேடெக்ஸ் விரல் எடுத்த உடனே எழும்பும். பள்ளம் மெல்ல மெல்ல நிரம்பினால் வேறு நுரை கலந்திருக்கிறது. ஓரத்தை இரு விரலால் தேய்த்துப் பாருங்கள். வெள்ளைத் தூள் ஒட்டினால் நிரப்பி அதிகம். அப்படிப்பட்டது சில வருடங்களில் நடுவில் விரிசல் விடும். பக்கவாட்டில் எத்தனை அடுக்கு என்றும் எண்ணிப் பாருங்கள். இந்தக் கடையில் லேடெக்ஸ் என்று சீட்டு ஒட்டிய மெத்தைகளில் சில மேலே 5 செ.மீ. மட்டும் லேடெக்ஸ், கீழே முழுக்க சாதா நுரை. விலை குறைவுதான், அதைத் தெரிந்து வாங்கினால் தவறில்லை. “மொத்தம் எத்தனை சென்டிமீட்டர் லேடெக்ஸ், ரசீதில் எழுதித் தருவீர்களா?” என்று கேளுங்கள். எழுதித் தரத் தயங்கினால் அந்த மெத்தையை விட்டுவிடுங்கள். இயற்கை ரப்பரா, செயற்கை ரப்பர் கலந்ததா என்பதைக் கையால் தொட்டுக் கண்டுபிடிக்க முடியாது, ஆய்வுக்கூடத்தில்தான் முடியும். அதற்குச் சான்றிதழ் கேட்க வேண்டும்.

கெட்டித்தன்மை பற்றிக் கடை ஊழியர் சொன்னது: “அண்ணே, கெட்டியா இருந்தாத்தான் இடுப்புக்கு நல்லது.” ஊரெல்லாம் சொல்வதும் இதுதான். ஆனால் ஸ்பெயினில் நாள்பட்ட இடுப்புவலிக்காரர்கள் 313 பேரை வைத்து நடத்திய ஆய்வில், மிகக் கெட்டியான மெத்தையைவிட நடுத்தரக் கெட்டியே வலியையும் முடக்கத்தையும் கூடுதலாகக் குறைத்தது. 2003இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியான முடிவு அது. காண்டா (பால் வாளிகளைத் தொங்கவிடும் தோள்கம்பு) சுமந்தும் செம்பனைக் குலை தூக்கியும் தேய்ந்த இடுப்புக்கு இது முக்கியமான செய்தி. கடையில் மல்லாந்து படுத்து, இடுப்பின் கீழ் உள்ள இடைவெளியில் கையை நுழைத்துப் பாருங்கள். கை தாராளமாகப் போய்வந்தால் மெத்தை உங்களுக்குக் கெட்டி. நுழையவே இல்லை, இடுப்பு அமிழ்ந்துவிட்டது என்றால் மென்மை அதிகம். சற்று உரசிக்கொண்டு போனால் சரி. ஒருக்களித்துப் படுப்பவர் தோளையும் இடுப்பெலும்பையும் கவனிக்க வேண்டும். அங்கே உறுத்தினால் ஒரு படி மென்மையானதற்கு இறங்குங்கள். உட்கார்ந்து அழுத்திப் பார்த்துவிட்டு முடிவெடுக்காதீர்கள். ஒவ்வொரு நிலையிலும் பத்து நிமிடமாவது படுங்கள். இந்தக் கடையில் விரட்டுவதில்லை, விசிறியும் போட்டுவிடுகிறார்கள். கணவன், மனைவி இருவரும் சேர்ந்து வந்து படுத்துப் பார்ப்பதே முறை, ஏனென்றால் எடை கூடியவருக்கு நடுத்தரமாக இருப்பது எடை குறைந்தவருக்குக் கெட்டியாகத் தெரியும்.

லேடெக்ஸின் இன்னொரு நற்குணம், ஒருவர் எழுந்தால் மற்றவருக்கு ஆட்டம் தெரிவதில்லை. ஒருவர் நாலரைக்குப் பால் காட்டுக்கும் மற்றவர் ஏழுக்குத் தொழிற்சாலைக்கும் போகிற வீட்டில் இதன் அருமை தெரியும்.

இப்போது தலைப்பில் சொன்ன விஷயம். நம் வீடுகளில் மெத்தையை மாதம் ஒருமுறையாவது வெளியே இழுத்து வெயிலில் போடுவது நல்ல குடித்தனத்தின் அடையாளம். இலவம்பஞ்சுக்கு அது அவசியம். லேடெக்ஸுக்கு அதுவே நஞ்சு. சூரிய ஒளியின் புறஊதாக் கதிர் இயற்கை ரப்பரின் நீண்ட சங்கிலிகளை அறுக்கிறது. காற்றும் சூடும் சேர்ந்தால் சிதைவு இன்னும் வேகமாகும். முதலில் மஞ்சளிக்கும், பிறகு மேல்தோல் விறைக்கும், பிறகு தூளாக உதிரும். இதற்குச் சாட்சி கடையிலேயே இருக்கிறது. கண்ணாடிக்குப் பின்னால் மாலை வெயில் படும் இடத்தில் வைத்த மாதிரித் துண்டு பழுப்பேறி, தொட்டால் பழைய பிஸ்கட்டைப் போல நொறுங்குகிறது. அதைத் தூக்கி எறியாமல், “வெயிலில் போட்டால் இப்படித்தான்” என்று எழுதி வைத்தால் வாங்குவோருக்குப் பெரிய உதவியாக இருக்கும். ஆகவே லேடெக்ஸை உறையைக் கழற்றி வெயிலில் போடவே கூடாது. காற்றாட வேண்டுமானால் அறைக்குள் சுவரோரம் நிமிர்த்தி, ஒரு மணி நேரம் விசிறி போட்டால் போதும். பாம் எண்ணெய் ஆலையில் இரவுப் பணி முடிந்து பகலில் உறங்குபவர்கள் சன்னலுக்குத் தடித்த திரை போடுங்கள். உறக்கத்துக்கும் நல்லது, சன்னல் வழியே மெத்தையில் விழும் வெயிலும் தடைபடும்.

அடுத்த எதிரி எண்ணெய். இயற்கை ரப்பர் எண்ணெயை உறிஞ்சி ஊதி, பிசுபிசுத்து, வலுவிழந்துவிடும். தலைக்குத் தேங்காயெண்ணெய் தேய்த்துப் படுப்பது, இடுப்புக்குத் தைலம் தடவிப் படுப்பது இரண்டும் நம் வீட்டு வழக்கம். இதை விடச் சொல்லவில்லை. எண்ணெய் தேய்த்த இரவில் தலையணை உறைக்கு மேல் தடித்த துவாலை விரியுங்கள். தைலம் தடவினால் அது தோலில் இறங்கும்வரை அரை மணி நேரம் நாற்காலியில் உட்கார்ந்திருந்துவிட்டுப் படுங்கள். லேடெக்ஸ் தலையணைக்கு உள்ளுறை ஒன்று, வெளியுறை ஒன்று என இரண்டு பருத்தி உறைகள் போடுவது நல்லது. வெளியுறையை வாரம் ஒருமுறை துவைக்க வேண்டும். 60 டிகிரி சுடுநீரில் துவைத்தால் தூசிப் பூச்சிகளும் சாகும். அதிகாலைத் தும்மலுக்கும் மூக்கடைப்புக்கும் அவை பெரிய காரணம்.

மூன்றாவது தவறு, கடையிலிருந்து வந்த பிளாஸ்டிக் உறையைப் பிரிக்காமலே படுப்பது. அழுக்காகாமல் இருக்கட்டும் என்ற அக்கறைதான். ஆனால் வியர்வை போகவும் வழியில்லை, காற்று வரவும் வழியில்லை. துளை போட்ட மெத்தை வாங்கி என்ன பயன்? பிள்ளை சிறுநீர் கழிக்கும் என்ற கவலை இருந்தால், மேலே துவாலைத் துணியும் அடியில் மெல்லிய நீர்புகாப் படலமும் கொண்ட விரிப்பு கிடைக்கிறது, அதைப் போடுங்கள். மெத்தை நனைந்துவிட்டால் துவாலையை வைத்து அழுத்தி ஈரத்தை எடுங்கள். சோப்பு நீரில் நனைத்த துணியால் ஒற்றி, மறுபடி ஈரம் எடுத்து, விசிறிக் காற்றில் இரண்டு மூன்று நாள் விடுங்கள். பிழியவோ மடக்கவோ வேண்டாம், கிழியும்.

அடித்தளம். சிமெண்ட் தரையில் நேரே போட்டால் உடம்பின் ஆவி கீழே இறங்கிக் குளிர்ந்த தரையில் நீராகி, சில வாரங்களிலேயே அடிப்பக்கம் கரும்புள்ளியாகப் பூஞ்சணம் பிடிக்கும். பலகைச் சட்டம் உள்ள கட்டில் வேண்டும். சட்டங்களுக்கிடையே இடைவெளி 6 செ.மீ.யைத் தாண்டக்கூடாது. அகலமாக இருந்தால் லேடெக்ஸ் இடைவெளியில் இறங்கி வரிவரியாகப் பள்ளம் விழும். குயின் கட்டிலுக்கு நடுவில் தரையைத் தொடும் கால் இருக்க வேண்டும். கடையில் காட்டிய மலிவுக் கட்டிலில் அது இல்லை. பழைய கட்டிலில் முழுப் பலகை அடித்திருந்தால் தச்சரிடம் சொல்லி, ஒரு சாண் இடைவெளியில் விரல் தடிப்புத் துளைகள் போட்டுக்கொள்ளுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை தலைமாட்டைக் கால்மாடாகத் திருப்புங்கள். திருப்பும்போது உறையைப் பிடித்து இழுக்காமல், அடியில் கை கொடுத்து இருவராகத் தூக்க வேண்டும்.

இலவம்பஞ்சுக்கு வருவோம். மலாய்ப் பேரில் கெக்காபு மெத்தை என்று கேட்டால் பின்கட்டிலிருந்து எடுத்து வருகிறார்கள். விலை லேடெக்ஸின் சிறு பகுதிதான். இலவம்பஞ்சின் இழை உள்ளே குழாயாக, காற்று நிரம்பி இருக்கும். மேலே மெழுகுப் பூச்சு இருப்பதால் நீரை எளிதில் ஏற்காது. அதனால்தான் ஒரு காலத்தில் கப்பல்களில் உயிர்காப்புச் சட்டைகளுக்கு அதை அடைத்தார்கள். படுத்தால் குளிர்ச்சி, வெயிலில் போட்டால் பொங்கி எழும். குறை என்னவென்றால் இழை வழவழப்பானது, ஒன்றையொன்று பற்றிக்கொள்ளாது. நாளடைவில் இடுப்பு படும் இடத்தில் விலகிப் பள்ளமாகி, ஓரத்தில் கட்டி கட்டியாகச் சேரும். கட்டம் கட்டமாக இறுக்கித் தைத்ததாகப் பார்த்து வாங்கினால் இந்தக் கோளாறு தாமதமாகும். கையால் அமுக்கிப் பாருங்கள். விதை நெருடினால் பஞ்சைச் சரியாகச் சுத்தம் செய்யவில்லை. சில வருடத்துக்கு ஒருமுறை பிரித்துப் பஞ்சை உதிர்த்து, குறைந்ததைச் சேர்த்துத் தைக்க வேண்டும். இந்தக் கடையில் அந்த வேலையையும் செய்து தருகிறார்கள், பாராட்ட வேண்டிய சேவை. ஆஸ்துமா உள்ளவர்கள் பஞ்சுத் தூசி காரணமாக இதைத் தவிர்ப்பது நல்லது. கொசுவத்தியைக் கட்டிலுக்கு அடியில் வைக்கவே வைக்காதீர்கள். இலவம்பஞ்சு பொறி பட்டதும் பற்றும், லேடெக்ஸ் எரிந்தால் கரும்புகை அடைக்கும்.

மற்றவை பற்றிச் சுருக்கமாக. ஒன்றோடொன்று பிணைத்த ஸ்பிரிங் மெத்தை ஒருவர் புரண்டால் மற்றவரையும் ஆட்டும். தனித்தனிப் பையில் வைத்த ஸ்பிரிங் பரவாயில்லை. தென்னை நார் மெத்தை காற்றோட்டமானது, ஆனால் மிகக் கெட்டி. உடல் சூட்டில் இளகி உடம்பை அணைத்துக்கொள்ளும் மெமரி ஃபோம் ஏர்கான் இல்லாத அறைக்கு ஒத்துவராது.

கடையின் சேவையில் நிறை குறை இரண்டும் உண்டு. தோட்டத்து வீடு வரை இருவர் வந்து இறக்கி, கட்டிலில் போட்டுத் தருகிறார்கள். சுருட்டிக் கட்டி வந்த லேடெக்ஸை அன்றே பிரித்துவிட வேண்டும் என்று அவர்கள் சொல்வது சரியே. முதல் சில வாரம் ரப்பர் வாடை வரும், சன்னலைத் திறந்து வைத்தால் அடங்கிவிடும். மாதத் தவணைக்கும் இசைகிறார்கள், ஆனால் மொத்தத் தொகையைக் கூட்டிச் சொல்வதில்லை. நீங்களே பெருக்கிப் பாருங்கள். உத்தரவாதம் 10 வருடம் என்று பெரிய எழுத்தில் இருக்கிறது. சிறிய எழுத்தில், கறை பட்டாலோ தகுந்த கட்டில் இல்லாவிட்டாலோ செல்லாது என்றும், குறிப்பிட்ட சென்டிமீட்டருக்கு மேல் பள்ளம் விழுந்தால் மட்டுமே மாற்றித் தருவோம் என்றும் இருக்கிறது. அந்த அட்டையை வாங்குவதற்கு முன்பே கேட்டுப் படியுங்கள்.

ரப்பர் கையுறையோ பலூனோ பட்டால் தடிப்பு, மூச்சிரைப்பு வருபவர்கள் மருத்துவரைக் கேட்காமல் லேடெக்ஸ் வாங்க வேண்டாம். பலத்த குறட்டையோடு நடுவில் மூச்சு நின்று திணறுபவர், எவ்வளவு படுத்தும் பகலில் தூங்கி விழுபவர் வீட்டில் இருந்தால், மெத்தைக்கு வைத்த பணத்தை எடுப்பதற்கு முன் அவரைக் கிளினிக்குக்கு அழைத்துச் செல்லுங்கள். அது மூச்சுப் பாதை அடைபடும் நோயாக இருக்கலாம். இரத்த அழுத்தத்தோடும் இதய நோயோடும் அதற்குத் தொடர்பு உண்டு. எந்த மெத்தையாலும் அது தீராது.

கையில் பணம் குறைவென்றால், இந்தக் கடையில் இலவம்பஞ்சு மெத்தையையும் ஒரு லேடெக்ஸ் தலையணையையும் எடுங்கள். மல்லாந்து படுப்பவருக்கு 10 செ.மீ. உயரம் போதும். ஒருக்களித்துப் படுப்பவருக்குத் தோள் அகலத்தைப் பொறுத்து 12 முதல் 14 செ.மீ. வேண்டும். கடையிலேயே படுத்து, கூட வந்தவரைப் பக்கத்தில் நின்று பார்க்கச் சொல்லுங்கள்: கழுத்தும் முதுகெலும்பும் ஒரே கோட்டில் இருந்தால் அந்த உயரம் சரி.